வில்மாவின் முள்ளெலி

மதிப்பும் பிரியமுமான லோரின்ட்ஸுக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா?

பாலர் பள்ளியில் நம் மகள் வில்மாவுக்கு முள்ளெலிச் சின்னம் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். எழுத்து தெரியாத பிள்ளை அதைப் பார்த்துத்தானே தன் துண்டை எடுக்கணும்! இங்கே ஆஸ்திரிய ஓட்டல் சலவை அறையில், சாப்பாட்டு நேரத்தில் அதை ஒரு துண்டில் தைத்தேன். கூட வேலை செய்யும் எடித், “ஏண்டி, இது முள்ளெலியா, தலை சீவுற பிரஷ்ஷா?” என்றாள். மூன்று முறை பிரித்துத் தைத்து அனுப்பியிருக்கிறேன்.

முதல் வாரம் மற்ற அம்மாக்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அந்தக் குட்டி நாற்காலி எப்படியும் என்னைத் தாங்காது. கிளம்பும்போது மட்டும், அழுதாலும் பரவாயில்லை, அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவள் தூங்கும்போது நழுவி வந்தவள் நான் ஒருத்தி போதும்.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் எனிக்கோ