பூஜை அறையில் வால்வு

ஏனுங்க,

சண்டைக்குப் பிறகு உங்களோடு இன்னும் பேசவில்லை, எழுதத்தான் செய்கிறேன். காரிலிருந்து கழற்றிக் கரி போகக் கழுவிய இஜிஆர் வால்வைக் காயவைக்கப் பூஜை அறைதான் கிடைத்ததா? காலையில் நீங்கள் எழும் முன்பே அவிநாசியிலிருந்து வந்த உங்கள் பெரியம்மா அதற்குச் சந்தனம் பூசிக் கும்பிட்டுவிட்டார்.

"சாமியில்லைங்க. புகையைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்புற வால்வுங்க" என்றேன்.

"புகையை வெளிய உடாம உள்ளயே வாங்கிக்குதா? அப்பச் சாமியேதான் அம்மணி!"

நாம் இருவரும் மறுபடி பேசிக்கொள்ள வேண்டும் என்று அதனிடம் வேண்டியிருக்கிறார். பலிக்கும்வரை எடுக்க விடமாட்டாராம்.

நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பெரியம்மாவுக்குக் கொள்ளு ரசம் சூடாக்கிக் கொடுங்கள். வால்வு கைக்கு வந்தால், துளையில் அப்பிய சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்து, புகை கசியாமலிருக்கப் புது கேஸ்கெட் வைத்து மாட்டுங்கள்.

சுகன்யா

பி.கு.: மத்தியானம் போன் செய்யுங்கள், பேசுகிறேன். ஸ்பீக்கரில் போடுங்கள், பெரியம்மா கேட்கட்டும்.

இன்னொன்று: நான் பேசப்போவது வால்வுக்காக மட்டும் இல்லைங்க.