கரியில்லாத வறுவல்

ஜூலை 9, புதன்

பின்வாசல் பலகைத் தளத்தில் கருகிப்போன இடத்தை இன்று மறுபடி தேய்த்தேன். போகவில்லை. போகாது என்று தெரிந்தும் ஏன் தேய்க்கிறேன்?

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரர் டெல்பர்ட் கரியடுப்பைப் பற்றவைத்தார். எதற்குப் பற்றவைத்தோம் என்பது மறந்துபோய், கனலோடு அதைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு, உள்ளே வந்து பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் ஆர்லீன்தான் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்து அணைத்தாள். அதோடு விட்டாளா? என் மகள் ட்ரூடிக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் ஒப்பித்தும் விட்டாள்.

ட்ரூடி அரிசோனாவில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்கிறாள். செப்டம்பர் தொடக்கத்தில் லேபர் டே விடுமுறைக்கு வருவாளாம். அப்பாவை வீட்டில் வைத்துப் பார்க்க என்னால் முடியாது என்று பட்டால், ஏரிக்கரை முதியோர் இல்லத்தில் இடம் கேட்டுவிடுவாளாம். "அவர் மறதியக் கூட சமாளிச்சுக்கலாம்மா. நெருப்ப எப்படிச் சமாளிப்ப?" என்றாள்.

கரி வறுவலுக்குப் பேர்போன இந்த ஷிபாய்கனில் பிறந்தவனைப் பார்த்து, கோடைக்காலத்தில் நெருப்புப் பக்கம் போகாதே என்று யார் சொல்வது?

ஜூலை 10

கேஸ் கிரில் அடுப்பு வாங்கிவிட்டால் என்ன? கவிழ்ந்தாலும் கனல் கொட்டாது. வேலை முடிந்ததும் சிலிண்டரைக் கழற்றி ஒளித்துவைத்துவிடலாம். லேபர் டே அன்று அவரே முன்னால் நின்று வறுக்கட்டும். ட்ரூடி பார்க்கட்டும். புதிது கட்டுப்படியாகாது, பழையதுதான் தேட வேண்டும்.

ஆர்லீனிடம் சொன்னேன். "கேஸா? எங்கண்ணன் வீட்டுலயா? அதுக்கு சட்டில போட்டு அவிச்சே குடுத்துடலாம்" என்றாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. எங்களுக்கு வறுவல் என்றால் கரிக்கனல்மேல் சுட்ட பிராட் என்கிற பன்றி இறைச்சி சாசேஜ்தான், மற்றதெல்லாம் சமையல். புதுப் பாதிரியார் சர்ச் பிக்னிக்குக்கு கேஸ் கிரில் கொண்டுவந்த வருஷம், எடுத்த தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு நடந்தே வீடு திரும்பிய மனிதர் டெல்பர்ட். அவர் போடப்போகிற சத்தத்துக்கு இப்போதே பதில் தேடி வைக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

முதல் கிரில். ஆற்றோரத்தில் ஒரு வீடு. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது, இது காசு கொடுத்து வாங்கும் மாடு. டார்ச்சோடு போனேன். மூடி கறுப்பாக மின்னியது. போன வாரம் துடைத்தேன் என்றார் அந்த ஆள். துடைக்கவில்லை, பெயின்ட் அடித்திருக்கிறார், வாசனையே சொன்னது. கம்பித் தட்டைத் தூக்கி, பர்னருக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினேன். துருவைப் பொத்துக்கொண்டு விரல் மறுபக்கம் வந்துவிட்டது. மூலையில் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது.

காருக்குத் திரும்பினால் டெல்பர்ட், "யார் வீட்டுக்கு வந்திருக்கோம் மார்லி?" என்று கேட்டார். சொன்னேன். தெரு முனையில் மறுபடி கேட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் முடிந்து, அடுத்த கிரிலைப் பார்க்கப் பக்கத்து ஊரான ஊஸ்ட்பர்குக்குப் போனேன். ஹார்லன் என்ற டச்சுக்காரர். நான் வந்த நாளைப் பார்த்து அவருக்கு முகம் சுருங்கியது. அந்த ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று புல்கூட வெட்ட மாட்டார்கள் என்பதை நான் அல்லவா நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "பாக்கறதுன்னா பாருங்கம்மா. பத்தவைக்க வேணாம். விலையும் இன்னிக்குப் பேச வேணாம்" என்றார்.

பார்த்தேன். பர்னர்களில் ஓட்டை இல்லை. கேஸ் வரும் குழல்களுக்குள் சிலந்தி வலை இல்லை. ரப்பர் குழாயை மடக்கி மடக்கிப் பார்த்தேன், ஒரு வெடிப்பும் இல்லை. ஒரு சக்கரம் இல்லை, செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார். பொத்தானை அமுக்கினால் பொறி வராது, நீளத் தீக்குச்சிதான் வேண்டும் என்று அவரே சொன்னார். குறையைத் தானே சொல்கிற ஆளை நம்பலாம் என்று தோன்றியது.

ஜூலை 14

மழை. ஹார்லனே தன் பிக்கப் வண்டியில் கொண்டுவந்து கராஜில் இறக்கினார். சிலிண்டர் அதில் சேர்த்தி இல்லை. எரிகிறதா என்று பார்க்காமலே வாங்கிவிட்டேன். டெல்பர்ட் கண்ணில் படாமல் பழைய போர்வை போட்டு மூடியிருக்கிறேன்.

ஜூலை 19, சனி

எரியவில்லை.

எரிகிறது, ஆனால் அதற்குப் பேர் எரிவதா? சிலிண்டர் வாங்கிவந்து மாட்டி, இணைப்பிலெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மூடியைத் திறந்துவைத்துக் குச்சியைக் காட்டினேன். பிறந்தநாள் மெழுகுவத்தி மாதிரி ஒரு நீலத் துளி, அவ்வளவுதான். திருகுகள் எல்லாம் முழுசாகத் திறந்துதான் இருக்கின்றன. எவ்வளவு நேரம் நின்றும் தட்டு கை பொறுக்கும் சூட்டிலேயே இருந்தது.

ஞாயித்துக்கிழமை காசைப் பத்திப் பேசமாட்டாராம்! திங்கக்கிழமை கண்ணுல மண்ணத் தூவுவாராம்! பத்தவைக்க வேணாம்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்க வேணாமா? எனக்கும் புத்தி போயிடுச்சு. இந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான்னு நெனச்சேன்.

ஜூலை 20

டெல்பர்ட் குளிக்க மாட்டேன் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஊரில் பிராட் திருவிழா. தெருவெல்லாம் புகை. நாங்கள் போகவில்லை. அவர் வலைக்கதவுக்குப் பின்னால் மூக்கை உயர்த்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். "யாரோ வறுக்கறாங்க மார்லி. கரி இன்னும் சாம்பல் பூக்கல, அவசரப்பட்டுட்டாங்க" என்றார். சரியாகச் சொன்னார்! குளியலறைக்குள் போய் அழுதேன். இன்னும் உள்ளே இருக்கிறார் அல்லவா? இப்படிப்பட்டவரை எப்படி அனுப்புவது?

ஆகஸ்ட் 11

ஹார்லனுக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி பேசினேன். மனிதர் கடைசிவரை கேட்டார். பிறகு, "சிலிண்டரத் தொறக்கறப்போ கிரில்லு திருகெல்லாம் மூடியிருந்துச்சா?" என்றார்.

எங்கே மூடியிருந்தது? கரியடுப்பில் முதலில் காற்றுத் துளைகளை எல்லாம் திறந்துவிட்டுத்தானே நெருப்புக் காட்டுவோம்? அதே மாதிரி எல்லாத் திருகையும் திறந்துவைத்துவிட்டு, சிலிண்டரை ஒரே சுற்றில் திருப்பினேன். கேஸ் குபீரென்று பாய்ந்தால் ரெகுலேட்டர் எங்கோ கசிகிறது என்று நினைத்துக்கொண்டு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளுமாம். "கரிக்காரங்க எல்லாரும் இதையேதான் செய்றீங்க" என்று சிரித்தார். எல்லாவற்றையும் மூடி, கழற்றி மாட்டி, சிலிண்டரை மெள்ளத் திறக்கச் சொன்னார்.

தீ நிமிர்ந்து நின்றது. ஹார்லனிடம் மன்னிப்புக் கேட்டேன். கராஜ் வாசலில் நின்று ஒரே ஒரு பிராட்டைச் சுட்டுத் தின்றேன். ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இத்தனை நாளில் இன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 23

இன்று என்னை வீடெல்லாம் தேடினார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

ட்ரூடி வந்துவிட்டாள். மருந்து டப்பா, மாடிப்படிக் கைப்பிடி, அடுப்புத் திருகு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். கிரிலைக் காட்டினேன். "நல்ல யோசனைம்மா" என்றாள். அப்பா என்ன சொல்வாரோ என்று அவளுக்கும் பயம்தான்.

செப்டம்பர் 1, லேபர் டே

எழுதிவிட வேண்டும்.

மதியம் சக்கரமில்லாத பக்கத்தைத் தூக்கிப்பிடித்துக் கிரிலைத் தளத்துக்கு உருட்டிவந்தோம். ஆர்லீன் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோடு வந்தாள். வந்தவள் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் நின்றாள், அண்ணன் சத்தத்தைக் கேட்கத்தான். நானும் பதில் தயாராக வைத்திருந்தேன். ஆர்லீன் ஊரைக் கூட்டினது, ட்ரூடி போட்ட நிபந்தனை, எல்லாவற்றையும் சொல்லிச் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

டெல்பர்ட் வெளியே வந்தார். கிரிலைச் சுற்றிவந்தார். மூடியைத் தடவினார்.

"நல்லா இருக்கே. புதுசா?"

ஆர்லீன் முகம் போன போக்கு! "டெல், இது கேஸு. கேஸ்" என்றாள்.

"அப்படியா? நல்லது" என்றார்.

திட்டுங்க டெல்பர்ட். தூக்கிப் போட்டு உடைங்க. நடந்து போங்க. உள்ளுக்குள் கத்திக்கொண்டே இருந்தேன். ட்ரூடிக்கு ஒரே சந்தோஷம், அப்பாவுக்குப் பிடித்துவிட்டது என்று என் தோளை அணைத்துக்கொண்டாள்.

இடுக்கியைக் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். நானே திருப்பிப் போட்டுச் சுட்டேன். கெட்டி ரொட்டியில் இரண்டிரண்டாக வைத்து, வெங்காயமும் கடுகு விழுதும் போட்டுக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார். ட்ரூடி காபி எடுக்க உள்ளே போனாள். டெல்பர்ட் வாயைத் துடைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத வீட்டில் பேசுகிற மரியாதையோடு என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் சுட்டதா?"

ஆர்லீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா, அவர்தான்" என்றேன்.

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. கரியோட பதம் தெரிஞ்ச ஆளு."

சொல்கிறேன் என்றேன்.

மாலை பாத்திரம் கழுவும்போது ட்ரூடி, தான் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை என்றாள். சிலிண்டரை மட்டும் கழற்றி வைத்தால் வசந்தம்வரை அப்பா இங்கேயே இருக்கட்டும் என்றாள். இந்த வார்த்தைக்காகத்தானே இந்தக் கோடை முழுக்க அலைந்தேன்? சண்டை போடாமலே ஜெயித்துவிட்டேன்.

"வேணாம் ட்ரூடி. காலையில அந்த இல்லத்துக்குப் போன் பண்ணு" என்றேன்.

ஏன் என்று கேட்டுக்கேட்டுப் பார்த்தாள். தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். விருந்துக்கு வந்தவரை எத்தனை நாள் வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்துவைப்பது?

செப்டம்பர் 3

இடம் இருக்கிறதாம். ஏரி தெரிகிற அறை.

செப்டம்பர் 11, வியாழன்

கொண்டுபோய் விட்டேன். ஸ்வெட்டர்களை அலமாரியில் அடுக்கினேன். எங்கள் கல்யாணப் படத்தை ஜன்னலோரம் வைத்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். கிளம்பும்போது எழுந்து அறை வாசல்வரை கூடவே வந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என் கையைக் குலுக்கினார்.

"பாத்துப் போங்க. இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேந்துடுங்க" என்றார்.

சேர்ந்துவிட்டேன்.