பிலோமியக்கா போடாத கையெழுத்து

1944 ஆகஸ்டு 7, திங்கள்

காலையில் தூறல். கணக்குப் பரீட்சை பரவாயில்லை. மை தீர்ந்தது, அம்மாவிடம் கேட்க வேண்டும்.

சித்தப்பாவுக்குச் சட்டப் பரீட்சை நெருங்குகிறது. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒப்பிக்க வேண்டும். செக்ஷன் 160 சரி. 161 சரி. 162-இல் மறுபடியும் கோட்டை விட்டார். போலீஸிடம் சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டால், சொன்னவர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. திருத்தித் திருத்தி எனக்கே மனப்பாடம்.

மாலை பிலோமியக்கா. பட்டினப்பாக்கத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டு வருபவள். அவளுக்குப் பெயரெழுதக் கற்றுக்கொடுத்தது நான். அன்றிலிருந்து கண்ட இடமெல்லாம் பெயர்: கூடையின் அடியில், எங்கள் கிணற்றுச் சுவரில் கரியால், மாதா கோவில் சந்தாப் புத்தகத்தில் இரண்டு தரம்.

இன்று முகம் சரியில்லை. அவள் மீன் கொடுக்கும் பங்களாவில் வெள்ளிக் கூஜா காணோம். போலீஸ் ஏட்டு குப்பத்துக்கே போய் விசாரித்தாராம்.

"பின்வாசல்ல நின்னுக்கினு மீன் குடுத்தேன், அவ்ளோதான்னேன் பாப்பா. நாளைக்கு நல்லா எழுதிக்கினு வராராம். நான் கையெழுத்து போடணுமாம்."

சொல்லும்போதே கொஞ்சம் பெருமை.

162-ஐச் சொன்னேன்.

"கைநாட்டு வெச்சவள எழுத வெச்சே. இப்ப எழுதாதேன்றியே."

சித்தப்பா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஆமாம், போடக் கூடாது" என்றார். நாளை என்னோடு குப்பத்துக்கு வருவாரா என்று கேட்டேன். பரீட்சை இருக்கிறதாம்.

ஆகஸ்டு 8, செவ்வாய்

வெயில். பள்ளி விட்டதும் நேரே குப்பம். செருப்பெல்லாம் மணல். ஏட்டு, கையில் காகிதம், சுற்றிலும் கூட்டம்.

"படிச்சுக் காட்டுங்க சார்" என்றேன்.

"நீ யாரு, வக்கீலம்மாவா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் படித்தார். பின்வாசலில் நின்றவள், காகிதத்தில் சமையலறைக்குள்ளேயே போயிருந்தாள்.

"அந்த வூட்டு வாசப்படியவே எங்கள மிதிக்க வுட மாட்டாங்களே" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர்.

ஏட்டு பேனாவை நீட்டினார். "ஊரெல்லாம் பேர் எழுதிக்கினு திரியறே. இதுல எழுத இன்னா வலி?"

பளபளவென்று மூடி போட்ட பேனா. அக்கா அதையே பார்த்தாள். அந்த ஆசை எனக்குத் தெரியும். போட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். கையைப் புடவையில் துடைத்தாள். அப்புறம் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எழுதத் தெரியும் ஏட்டையா. அதான் கண்ட எடத்துல எழுதறதில்ல."

நான் 162-ஐ ஒப்பித்தேன். ஒரு சொல் பிசகவில்லை.

"அப்போ ஸ்டேஷனுக்கு நட."

"வரேன். வரச் சொல்லி எழுதிக் குடு. அதுல நீ கையெழுத்து போடு."

(செக்ஷன் 160: விசாரணைக்கு வரச் சொல்வதானால் போலீஸ் எழுத்தில் கொடுக்க வேண்டும். நேற்று அக்கா கிளம்பும்போது அதையும் சொல்லியிருந்தேன்.) கூட்டம் இப்போது வேறு மாதிரிச் சிரித்தது. ஏட்டு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தேடினார்.

வீடு வரை ஓடினேன். ஏனென்று தெரியவில்லை, ஓடினேன்.

ஆகஸ்டு 9, புதன்

மேகம். மை வந்துவிட்டது. சித்தப்பா 162-ஐத் தப்பில்லாமல் சொன்னார்.

காலையில் சப்-இன்ஸ்பெக்டரே குப்பத்துக்கு வந்தாராம். பின்வாசலில் நின்றாள் என்று மட்டும் எழுதிக்கொண்டாராம். கையெழுத்து கேட்கவில்லை. "உன் சோலியப் பாரும்மா" என்று போய்விட்டாராம். கூஜா இன்னும் கிடைக்கவில்லை.

மாலை அக்கா அம்மாவுக்குச் சங்கரா மீன் கொண்டு வந்தாள். பணம் வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறாள்.

"இது போலீஸ் புக்கா?"

"இல்லக்கா, என்னுது."

"அப்போ போடலாமில்ல?"

பேனாவைக் கொடுத்தேன்.

பிலோமினா