188 தாள், ஒரு முத்திரை

நவம்பர் 17, திங்கள்

விடியலிலிருந்து மழை. பாளையங்கோட்டையில் ஒரு துணி காயவில்லை. ஆபீஸ் புடவை ஃபேனுக்கு அடியில்.

நாவல் அனுப்புகிறவர்களுக்குக் கோயம்புத்தூர் பதிப்பகம் போட்ட நிபந்தனைகளை மறுபடி படித்தேன். ஏழாவது தடவை இருக்கும்.

– யூனிகோடு எழுத்து, அளவு 12, வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி
– ஏ4, ஒரு பக்கம் மட்டும்
– 28-க்குள் கையில் கிடைக்க வேண்டும்
– எழுதியவர் பெயரோ வேறு அடையாளமோ பிரதிக்குள் எங்கும் கூடாது. பெயர், விலாசம் தனித்தாளில், தனி உறையில்

அந்தக் கடைசி நிபந்தனைக்காகத்தான் அனுப்புகிறேன். சர்ச் ஆண்டுவிழாவில் என் நாவலிலிருந்து ஒரு அத்தியாயம் வாசித்தேன். ஒரே கைதட்டல். கல்வி ஆபீஸ் சூப்பிரண்டுக்குக் கைதட்டாமல் இருக்க முடியுமா? எல்லாருக்கும் ஒரு சர்டிபிகேட் வேலை பாக்கி இருக்கும். நான் யாரென்றே தெரியாத ஒரு ஆள் படித்துவிட்டு, தேறும், தேறாது, ரெண்டில் ஒன்று சொல்லணும். மே மாதம் ரிட்டையர்மெண்ட். அதற்குள் எனக்குத் தெரியணும்.

வீட்டுக்காரர் (ரிட்டையர்டு கணக்கு வாத்தியார், இனி வீ.கா.) ஆறு வருஷமாக "நல்லாத்தான் இருக்கும்" என்கிறார். ஒரு வரி படித்ததில்லை.

முதல் பத்து அத்தியாயம் பழைய எழுத்துருவில் கிடக்கிறது. திறந்தால் கட்டம் கட்டமாக. ஆண்டவரே.

நவம்பர் 18, செவ்வாய்

தூறல். டிபன்: எலுமிச்சை சாதம், கத்தரிக்காய் வாட்டல். உப்பு கூடிவிட்டது.

காலையிலேயே சாத்தான்குளத்திலிருந்து ஒரு அம்மா, பெயர் லீலா. மகள் மார்க் ஷீட்டில் அப்பா பெயர் தப்பு. திருத்தம் ஏற்கப்பட்டது என்று என் கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒரு தாள் வேண்டும். மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. டிசம்பர் ஒண்ணாம் தேதிக்குள் ஆஸ்பத்திரியில் கொடுக்கணுமாம்.

விண்ணப்பத்தைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் கையெழுத்து போட்டோவுக்குக் கீழே இருக்கிறது. பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழ வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ரெண்டு பஸ் மாறி வந்தேம்மா. அவர் போட்ட கையெழுத்துதான? ஒரு விரக்கடை கீழ இறங்கிட்டு, அம்புட்டுதான."

"விதி இருக்குல்லா? நான் என்ன செய்ய? சரியாப் போட்டு வாங்கிட்டு வாங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். மழையா, வேறயா, நான் பார்க்கவில்லை. என் தலைக்குள் எழுத்துரு ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 19, புதன்

ஆபீஸ் விட்டதும் டவுண். கீழ ரத வீதியில் மைதீன் அண்ணாச்சி கடை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைதான், ஆனால் எழுத்துரு மாற்ற அவரை விட்டால் ஆளில்லை. மாற்றிக் கொடுத்தார். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்த சொற்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். முதுகு போச்சு.

முதல் தாளைப் பார்த்தால் நாலு பக்கமும் பூச்சரம்.

"மொத தாள் மொட்டையா இருந்துச்சுக்கா. அதான் மூலைக்கு ஒரு ரோசாப்பூவும் போட்டேன்."

"அண்ணாச்சி, இது நாவல். இதுல கல்யாணமே நடக்காது."

"அடப்பாவமே. ஒருத்தருக்குக்கூடவா நடக்காது?"

மனசே இல்லாமல் எடுத்துவிட்டார். மொத்தம் 188 தாள். பையில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி டவுண் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

வெயில்! மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேஜையிலேயே தாள் சரிபார்த்தேன். பக்கத்து சீட் செல்வி மாமியாருடைய முட்டு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் ம் போட்டுக்கொண்டே ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். ஒன்றும் குறையவில்லை. கீழே போய் ஜெராக்ஸ் ஒரு செட், வீட்டுக்கு. பெயர்த் தாள் தனி உறையில். எல்லாம் நிபந்தனைப்படி.

நாலு மணிக்கு ஸ்பீடு போஸ்ட். அப்பாடா. அல்வா வாங்கி வந்தேன்.

நவம்பர் 22, சனி

எழுதவே கை வரவில்லை.

காலையில் வீ.கா. தானாகவே ஜெராக்ஸை எடுத்து மடியில் வைத்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. நான் அடுப்படியில் நின்று காது கொடுத்தேன்.

"ஏட்டி எஸ்தரு, ஒவ்வொரு தாளுக்கும் அடியில எ.செ., எ.செ.ன்னு போட்டிருக்கியே. இதுவும் கதையில வருதா?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். 1/188 எ.செ. 2/188 எ.செ. கடைசித் தாள் வரைக்கும். என் சுருக்கொப்பம். தேதியோடு.

முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். ஃபைலில் எந்தத் தாளையும் யாரும் உருவக்கூடாது, செருகக்கூடாது என்று தாளுக்குத் தாள் போட்டுப் பழகிய கை. செல்வி மாமியார் முட்டைப் பற்றிப் பேசப் பேச அது பாட்டுக்குப் போட்டிருக்கிறது. இந்தக் கையை என்ன செய்தால் தேவலாம்!

போன் போட்டேன். பதிப்பகத்தில் ஒரு சின்னப் பெண் எடுத்தது.

"அடையாளம் இருந்தா எடிட்டர்கிட்டப் போகாது மேடம். விதி இருக்குல்ல? நான் என்ன பண்றது?"

என் குரல்தான் அது. செவ்வாய்க்கிழமை நான் பேசியது எனக்கே திரும்பி வந்தது. வெட்கமே இல்லாமல் கெஞ்சினேன். ஆறு வருஷம்மா, தெரியாம நடந்துபோச்சும்மா என்றேன். அழுதும் தொலைத்தேன்.

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "உங்க பார்சல் இன்னும் வரல. வந்தா பிரிக்காம ஓரமா வச்சிடறேன். இருபத்தெட்டுக்குள்ள வேற பிரதி அனுப்புங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

பெயர் கேட்டேன். சொல்லவில்லை. நல்லா இருக்கணும் அந்தப் பிள்ளை.

லீலா வந்தால் அன்றைக்கே போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

நவம்பர் 24, திங்கள்

மத்தியானத்துக்கு மேல் அரை நாள் லீவு. ஆற்றில் செந்தண்ணி இரு கரையும் முட்டிப் போகிறது. பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. எறும்புப் புற்றில் உட்கார்ந்த மாதிரி இருந்தேன்.

கைப்பையில் பேனா இல்லை. வேண்டுமென்றே வீட்டில் விட்டு வந்தேன். மைதீன் அண்ணாச்சி கடையில் மறுபடி 188 தாள். எண்ணுகிற வேலையையும் அவரிடமே விட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா, கோயில்ல நிக்கிற மாதிரி நிக்கீய?"

"நீங்க எண்ணுங்க அண்ணாச்சி."

தபால் ஆபீசில் முகவரி எழுதப் பேனா இரவல் வாங்கினேன்.

நவம்பர் 26, புதன்

உள்ளங்கையிலேயே போன். பார்சல் மதுரை தாண்டவில்லை. பதினொரு தடவை பார்த்தேன். பன்னிரண்டாவது தடவையும் மதுரை.

லீலா வரவில்லை. என் சீட் வாசலைப் பார்த்த சீட். நேற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்றும். நிழலாடினால் தலை தூக்குகிறேன். போன் நம்பர் வாங்கியிருக்கலாம். விண்ணப்பத்தில் இருந்திருக்கும். அதைத்தான் முழுசாகத் திருப்பிக் கொடுத்தாயிற்றே.

வீ.கா. தொண்ணூறாவது தாள். "எப்படி இருக்கு?" என்றேன். "பேசாத. படிக்கேன்" என்றார். இதற்கு என்ன அர்த்தம்?

குழம்பில் புளி போட மறந்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

பதினொன்றரைக்கு மெயில். பிரதி கிடைத்தது, நிபந்தனைகளுக்கு உட்பட்டிருக்கிறது, வாசிப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, வரிசை எண் 63.

எஸ்தர் இல்லை, சூப்பிரண்ட் இல்லை. 63. சிரிப்பு வந்தது. செல்விக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன், எதற்கென்று சொல்லவில்லை.

அப்போதுதான் பியூன் சுடலை டீயோடு வந்தான்.

"மேடம், அந்தச் சாத்தான்குளத்தம்மா வேலை முடிஞ்சிட்டா? திங்கக்கிழமை மத்தியானம் தாளைத் திருத்திக் கொண்டு வந்துச்சே. நீங்க லீவுன்னேன். சாயங்காலம் வர அந்தப் பெஞ்சுல இருந்துட்டுப் போயிட்டு."

திங்கள் மத்தியானம். நான் டவுணில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நேரம். முத்திரை என் டிராயரில். டிராயர் சாவி என் கைப்பையில்.

டீயைக் குடிக்க முடியவில்லை. விண்ணப்பத்தில் பார்த்த பள்ளிக்கூடத்துப் பெயர் ஞாபகம் இருந்தது. தேடிப்பிடித்துப் பேசினேன். ஹெட்மாஸ்டர், "திங்கள் காலையிலதான திரும்பப் போட்டுக் கொடுத்தேன்? வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால" என்றார். நம்பரும் தந்தார். அடித்தேன். அணைத்து வைத்திருக்கிறது. மறுபடி, மறுபடி. நாளையும் மறுநாளும் ஆபீஸ் கிடையாது. திங்கள் ஒண்ணாம் தேதி.

முத்திரை ஆபீசை விட்டு வெளியே போகக்கூடாது. என் காலத்தில் ஒரு தடவை போனதில்லை. இப்போது என் கைப்பையில் இருக்கிறது, மை டப்பாவோடு, பழைய கைக்குட்டையில் சுற்றி. பேனாவும் வைத்தாயிற்று.

வீ.கா. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஜெராக்ஸைக் கட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு, "நானும் வாரேன். நாப்பது தாள் பாக்கி இருக்கு, பஸ்ல படிச்சிருவேன்."

குடை ரெண்டு. சாத்தான்குளம் பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு. இந்தத் தடவையும் அந்த ஹெட்மாஸ்டர் கையெழுத்து ஒரு விரக்கடை கீழே இறங்கியிருந்தால்?

இறங்கட்டும்.