கிளச்சுக்குள் புகுந்த காற்று

முனை, பருத்தித்துறை
தை, 1992

றோசின் அப்பாவுக்கு,

அந்தோனியார் காவலில் நானும் பிள்ளையும் சுகம். பாரிஸ் குளிரில் உங்களுக்கு இருமல் எப்படி?

காரை விற்றுவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அச்சுவேலியிலிருந்து தியாகலிங்கம் என்பவர் பார்க்க வந்தார். கிளச் பெடல் சும்மா அடிவரை போகிறது, கியர் விழவில்லை. பழைய இரும்புக்குத்தான் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு விசர் வந்தது. உங்கள் ஒக்ஸ்போட் காரை அப்படிச் சொல்லலாமா?

கிளச் குழாயில் காற்றுப் புகுந்தால் இப்படித்தான் ஆகும் என்று முன்பு சொல்லியிருக்கிறீர்கள். அப்போது நீங்கள் காருக்குக் கீழே, மிதிப்பது நான். இம்முறை நான் கீழே படுத்தேன். உங்கள் தம்பி கிறகோரி மிதித்தார். கண்ணுக்குத் தெரியாத காற்று இவ்வளவு பெரிய காரை எப்படி மறிக்கிறது என்று பார்க்க எனக்கு ஒரே ஆசை.

அவர் மிதிக்க, காற்றை வெளியே விடும் திருகை நான் திறக்க வேண்டும். நான் மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்கலாம். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவைப் பாடினால் தாளம் தப்பாது என்றார் கிறகோரி. பாடினோம். சிரிக்க வேண்டாம், அயல் முழுக்க வேலியால் எட்டிப் பார்த்தது. கிளச்சுக்கும் பிறேக் ஒயில்தான், கடைகளில் அது வருவதேயில்லை. நீங்கள் வைத்துப்போன அரை ரின்னும் முடியப் பார்த்தது. கிளச் இன்னும் பஞ்சு மாதிரித்தான்.

பிறகு, ஒயில் வெளியே வர திருகில் மாட்டிய, உள்ளே தெரிகிற சின்னக் குழாயை உற்றுப் பார்த்தேன். வெளியே வந்த குமிழிகள் திரும்ப உள்ளே ஓடின! கிறகோரி கரைவலைக்காரர் அல்லவா, அம்பாவில் அடி முடிந்ததும் கயிற்றைத் தளர்த்திப் பழகியவர். நான் திருகை மூடுமுன்பே காலை எடுத்துவிடுகிறார். கேட்டால், “அடி முடிஞ்சால் விடத்தானே வேணும் மச்சாள்” என்கிறார். பாட்டை நிறுத்தினோம். நான் விடச் சொன்ன பிறகே விட்டார். குமிழிகள் குறைந்து, நின்றுபோயின. பெடல் இறுகியது, கியர் விழுந்தது. பெற்றோல் இல்லாமல் ஊற்றிய மண்ணெண்ணெயின் புகையோடு கார் சந்திவரை போய் வந்தது.

கேள்விப்பட்டுத் தியாகலிங்கம் மறுபடி வந்தார். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. திரும்பி வர நினைக்கிற மனிதர் தன் காரை விற்கச் சொல்வாரா? வருவதில்லை என்றால் அதை நேரே எழுதுங்கள், காரைச் சாட்டி எழுதாதீர்கள். வருவதென்றால் ஒன்றும் எழுத வேண்டாம். வந்து, நீங்களே கிளச்சை மிதித்துப் பாருங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
அற்புதராணி