விழுந்தவர் கொண்டு வரும் கேக்

அன்புத் தம்பி சபோல்ச்சுக்கு, குதிரை லாயத்திலிருந்து ரோஸி அக்கா எழுதுவது.

நலமா? நான் நலம், இன்னும் ஒரு சுற்று பெருத்துவிட்டேன். லின்ஸ் நகரத்தில் ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்குகிறாயாம். பெட்டிகளையும் "முதுகை நிமித்து, குதிகாலை இறக்கு"ன்னு அதட்டுகிறாயா? எனக்கு நாலாம் வகுப்பு எழுத்துதான். தப்பு இருந்தால் சிரித்துவிட்டுப் படி.

நீ பூட்டிவிட்டுப் போன குதிரையேற்றப் பள்ளியில் மூன்று குதிரைகள் மிச்சம். அதில் சில்லாமை விற்க நான் விடவில்லை. போன வாரம் என் தொப்பியைப் பாதி தின்றுவிட்டது. அதன் மேல் யாருக்கும் கோபம் இல்லை.

போக்லார்காவைப் பார்க்க வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் தானே சக்கர நாற்காலிக்கு மாறிக்கொள்வாளாம். இந்த வருஷத்துக்குள் செய்யாவிட்டால் அதுவும் போய்விடும் என்கிறார் டாக்டர். அவளோ சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். பேச்சும் நின்றுவிட்டது.

ஒன்பது வயதில் நம்மிடம் குதிரை ஏறப் பழக வந்தபோது தன் பெயரைச் சொல்லவே அவள் எவ்வளவு திக்குவாள், ஞாபகம் இருக்கிறதா? "குதிரைக்கு ஒரு அவசரமும் இல்ல, நீ மெதுவா சொல்லி முடி"ன்னு கடிவாளத்தைப் பிடித்தபடி நிற்பாய். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட மேடையில் நின்று முழுசாகப் பேசினாள். அவள் அம்மா உன் கையைப் பிடித்து அழுதாள்.

போன வாரம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நான் வி... விழுந்ததுக்குத்தான் அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா அக்கா?" என்றாள். அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவள் முதலில் விழுந்ததும், ஓடிப்போன சில்லாமைப் பிடிக்க நீ வேலி வரைக்கும் போனாய். நான்தான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். "அக்கா, கா... கால் மரத்த மாதிரி இருக்கு" என்றாள். விழுந்தவர் மறுநாள் லாயத்துக்கே கேக் கொண்டு வரணும் இல்லையா? "மரத்தும் போகல, மண்ணும் போகல. கேக் சுடணுமேன்னு நடிக்கிறியாடி"ன்னு சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

நீ குதிரையோடு வந்து "சரியா இருக்கியா?" என்று கேட்டாய். அவள் வாயைத் திறந்தாள். சொல் வர நேரமானது. "ராணி கணக்கா இருக்கா, ஏத்திவிடு"ன்னு நான் முந்திக்கொண்டேன். விழுந்தவர் மண்ணைத் தட்டுவதற்குள் மறுபடி ஏறிவிட வேண்டும், நம் வழக்கம் அது. அவள் பாதத்துக்குக் கை கொடுத்ததும் நான்தான்.

அரைச் சுற்று. அதற்குள் சாக்கு மூட்டை மாதிரி சரிந்தாள். முதலில் விழுந்ததில் விரிசல் விட்ட முதுகெலும்பு இரண்டாவதில் நகர்ந்துவிட்டது என்றார்கள். போலீஸ்காரரிடம் "நான்தான் ஏறச் சொன்னேன்" என்று நீ சொன்னபோது பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றேன். தரையைப் பெருக்கினேன்.

மூன்றாம் நாள் அவள் அம்மா அக்ரூட் கேக்கோடு லாயத்துக்கு வந்தாள். ஸ்ட்ரெச்சரில் போகும்போதே மகள் சொல்லி அனுப்பினாளாம். நான் வாங்கி வைத்தேன். யாரும் தொடவில்லை. அது பூசணம் பிடிக்கிற வரைக்கும் அலமாரியில் இருந்தது.

நாளைக்கு அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். போலீசுக்கும் போவேன். அது என் பாடு. ஆனால் போக்லார்காவிடம் நீ கோபித்துக்கொண்டு போகவில்லை என்று நான் சொன்னால் நம்ப மாட்டாள். நான் எப்போது விளையாட்டுக்குச் சொல்கிறேன், எப்போது நிஜம் என்று அவளுக்குத் தெரிவதில்லை. நீ வந்து கட்டில் பக்கத்தில் நில். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நில்.

நீயும் விழுந்து, பள்ளியைப் பூட்டிவிட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது, தம்பி. வரும்போது கேக் கொண்டு வா. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாயாடி அக்கா,
ரோஸி