ஏழு மணிச் சங்கு

ஜூன் 3, புதன்

காலையிலேயே குழாயடியில் நான்கு மொழிகளில் சண்டை. எட்டு வீட்டுக்கு ஒரே குழாய். ஒடியா, இந்தி, மலையாளம், நம்ம தமிழ். போதாததற்கு ஆறாம் வீட்டு யோகராணியின் இலங்கைத் தமிழ். யார் எதில் திட்டினாலும் குடத்தை நகர்த்துகிற விதத்தில் அர்த்தம் விளங்கிவிடுகிறது.

எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் போர். இங்கே மந்தாரக்குப்பத்தில் சிலிண்டர் வரவில்லை. வாசலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு விறகடுப்பு. ஒடிசாப் பையன்கள் கடுகெண்ணெயைக் காய்ச்சினால் என் மனைவி அம்சவல்லி எட்டுத் தும்மல் போட்டுவிட்டு, அதையே கொஞ்சம் கிண்ணத்தில் வாங்கி வருகிறாள்.

நிலக்கரிச் சுரங்கத்தின் பெல்ட் செக்‌ஷனில் பெர்மனென்ட்டாக இருந்தவன் நான். ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இப்போது கான்ட்ராக்ட் பையன்களுக்குப் பின்னால் வாளியோடு நிற்கிறேன். தண்ணீர் பிடித்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதை எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 5, வெள்ளி

வேலை வந்துவிட்டது!

பவர் ஹவுஸ் இருக்கிற ஊர் என்பதால், விமானத் தாக்குதல் வந்தால் என்று விளக்கணைப்பு ஒத்திகையாம். வரும் பன்னிரண்டாம் தேதி மாலை ஏழு மணிக்கு, ஷிப்டுக்கு ஊதுகிற அதே சுரங்கச் சங்கு ஊதும். உடனே ஒரு விளக்குகூட எரியக்கூடாது. காம்பவுண்டுக்கு ஒரு பொறுப்பாளர். எங்கள் காம்பவுண்டுக்கு நான். வேறு யாரும் கை தூக்கவில்லை. எந்தக் காம்பவுண்டு இருட்டாக இருக்கிறதோ அதன் பொறுப்பாளருக்குச் சிவப்புக் கைப்பட்டை. தெரு முழுக்க அவர் பொறுப்பு.

அந்தப் பட்டை எனக்கு வேண்டும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மறுபடி எனக்கு ஒரு டூட்டி.

ஒரே தொல்லை, எதிர் காம்பவுண்டுக்குக் கருணாகரன். என்னோடு ஒரே ஷிப்டில் இருந்து, ஒரே மாதத்தில் ரிட்டயர் ஆனவன். அங்கேயும் போட்டி, இங்கேயுமா? அவன் அதற்குள் விசில் வாங்கிவிட்டான்.

ஜூன் 7, ஞாயிறு

கூட்டம் போட்டேன். இரண்டு மணி நேரம் விளக்கினேன். ஒடிசாப் பையன் சுதாம் மட்டும் சந்தேகம் கேட்டான்.

"அங்கிள், சங்கு ஊதினா டூட்டி போகணும். இப்ப சங்கு ஊதினா படுக்கணும். எப்டி தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஏழு மணிக்கு எந்த ஷிப்டடா மாறுகிறது, ஒத்திகைக்கும் டூட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் ஏன் வேலைக்கு வருகிறாய் என்று நன்றாகக் கொடுத்தேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டான்.

யோகராணி தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னது: "லைட்டை நூத்துப்போட்டுப் பேசாமல் இருக்கிறதுதானே அண்ணை. அதுக்கேன் ரெண்டு மணித்தியாலம்?"

நிஜப் போரையே பார்த்தவள். அந்தக் கோபத்தில் கூட்டத்தை இன்னும் கால் மணி நீட்டினேன்.

ஜூன் 9, செவ்வாய்

மானம் போயிற்று.

காலை பத்து மணிக்குத் தலைக்கு மேலே ட்ரோன் சத்தம். நான் ஒரே கத்தல். எட்டு வீடும் குப்புறப் படுத்தது. அம்சவல்லி அடுப்பில் இருந்த ரசத்தோடு படுத்தாள். ட்ரோன் நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கல்யாண மண்டபத்துப் பக்கம் இறங்கியது.

காதுகுத்தாம். வீடியோக்காரன்.

மாலையில் அந்த வீடியோவைத் தெருவே பார்த்துவிட்டது. நாதஸ்வரம் பின்னணியில் நாங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கிறோம். நடுவில் ஹெல்மெட்டோடு நான். கருணாகரன் அதைத் தன் காம்பவுண்டில் போட்டுக் காட்டி, எப்படி இருக்கக்கூடாது என்று வகுப்பு எடுத்தானாம்.

ஜூன் 10

தண்ணீர் பிடிக்க அம்சவல்லியை அனுப்பினேன்.

ஜூன் 12, வெள்ளி — காலை

இன்றைக்குத்தான். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி, யோகராணி தைத்தது. சங்கு ஊதியதும் குழந்தைகளை மூன்றாம் வீட்டில் சேர்ப்பது அம்சவல்லி வேலை. பூட்ஸைத் துடைத்து நாற்காலிக்கு அடியில் தயாராக வைத்திருக்கிறேன். விடிவதற்கு முன்பே எழுந்ததில் கண் எரிகிறது.

ஜூன் 13, சனி

எழுதத்தான் வேண்டுமா? எழுதித் தொலைக்கிறேன்.

மாலை ஆறரைக்கு எல்லாம் சரிபார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அசந்துவிட்டேன் போலிருக்கிறது. சங்கு ஊதியது. திடுக்கிட்டு எழுந்தேன், ஐயோ டூட்டிக்கு லேட், என்று பூட்ஸை மாட்டினேன், ஹெல்மெட், கொடியில் தொங்கிய பை, அதில் காலி டிபன் பாக்ஸ் — ஓட்டம். பஸ் ஸ்டாப்புக்கு.

அங்கே போய் நின்று மூச்சு வாங்கும்போதுதான் பார்த்தேன். ஊரே இருட்டு. ஒரு கடை இல்லை, ஒரு பல்பு இல்லை. எங்கள் வீட்டு ட்யூப்லைட்டை அணைக்காமல் வந்தது அப்போதுதான் உறைத்தது. பொறுப்பாளர் வீட்டு விளக்கு!

பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

கருணாகரன். அவனும் பூட்ஸ். அவனும் பை. கழுத்தில் விசில்.

இரண்டு பேரும் பஸ் வருகிற திசையைப் பார்த்தோம்.

அவன் விசிலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். "பஸ் வராதுய்யா."

"தெரியும்" என்றேன்.

"வூட்ல தெரிய வேணாம்."

இருட்டில் ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடித்துக்கொண்டு, சாக்கடையில் விழாமல் திரும்பினோம். இரவு ஷிப்டுக்கு எத்தனையோ நாள் இப்படி இருட்டில் நடந்திருக்கிறோம். அப்போது எங்களுக்காக ஒரு பஸ் வரும்.

வந்து பார்த்தால் எங்கள் வீடும் கும்மிருட்டு. யோகராணி வாசலில் நின்றாள். "உங்கட லைட்டை நான்தான் நூத்தனான் அண்ணை. உங்களைத்தான் காணேல்லை."

அம்சவல்லி என் பூட்ஸைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "டூட்டி எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரித்து முடித்து வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். எனக்கும் அழுகை வந்தது. சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை, வேறென்ன.

ஜூன் 16, செவ்வாய்

கைப்பட்டை எனக்குத்தான் வந்தது. மற்ற காம்பவுண்டுகளில் ஒன்றிரண்டு விளக்கு எரிந்ததாம். கருணாகரன் வீட்டில் டிவியும் ஓடியதாம். எல்லாரும் கை தட்டினார்கள். அரை மணி கட்டியிருந்தேன், கை அரித்தது. கழற்றிக்கொண்டுபோய் யோகராணியிடம் கொடுத்துவிட்டேன்.

சுதாமையும் கூப்பிட்டு, நீ கேட்டது சரியான சந்தேகம்தான் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. ஒன்றும் புரியாமல் முழித்துவிட்டு, அடுப்பில் இருந்த ரொட்டியில் இரண்டை என் தட்டில் போட்டான்.

ஜூலை 2, வியாழன்

சிலிண்டர் இன்னும் வரவில்லை. பகல் அடுப்பு என் பொறுப்பு. முதல் ஷிப்ட் பையன்கள் வருவதற்குள் எட்டு வீட்டுக்கும் சோறு வடிக்க வேண்டும். கருணாகரன் விறகு உடைக்க வருகிறான். உடைப்பதைவிட யோசனை சொல்வது அதிகம். யோகராணி அந்தச் சிவப்புப் பட்டைக்குள் பஞ்சு அடைத்து, குண்டூசி குத்தி வைக்க மணிக்கட்டில் கட்டியிருக்கிறாள்.

மத்தியானச் சங்கு ஊதியது. இரண்டாம் ஷிப்டுக்கு சுதாம் பையை எடுத்துக்கொண்டு ஓடினான். நாங்கள் எழுந்திருக்கவில்லை. கருணாகரனின் கால் மட்டும் செருப்பைத் தேடியது. நான் பார்க்காத மாதிரி உலையைக் கிளறினேன்.